மந்தையில் பேசி முடித்த கேஸ், ரிப்போர்ட்டில் ஏறிய கதை

2023 அக்டோபரில் சென்னைக் கம்பெனி ஒன்றின் ஹெச்.ஆர். அனுப்பிய பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கையில் படிப்பு பச்சை, பழைய வேலை பச்சை, முகவரி பச்சை, 'கோர்ட் ரெக்கார்டு' என்ற கட்டம் மட்டும் சிவப்பு. அதற்குள் இருந்தது இவ்வளவுதான்: மதுரை மாவட்டத்தில் ஒரு ஜே.எம். (ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட், 2018-ஆம் வருடத்து சி.சி. நம்பர் (குற்றப்பத்திரிகையை ஏற்ற பின் கோர்ட் கொடுக்கும் வழக்கு எண்), இந்திய தண்டனைச் சட்டம் 147 (கலகம்), 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (காயம்), 506(1) (மிரட்டல்), நிலை: பெண்டிங், கட்டம்: இஷ்யூ சம்மன்ஸ், அதாவது சம்மன் அனுப்பும் கட்டம். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பதினோரு பேர். ஏழாவது பெயர் நம்ம கட்சிக்காரருடையது, அதாவது என்னிடம் வழக்கைக் கொடுத்தவருடையது.

நான் மதுரையில் கிரிமினல் சைடு பார்க்கிற வக்கீல். ஆள் பேர், ஊர் பேர் எதுவும் இங்கே வராது. இவரை ஏ-7 (ஏழாவது எதிரி) என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், குற்றப்பத்திரிகையும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் சில வருஷம் வேலை பார்த்து, சென்னையில் நல்ல சம்பளத்தில் ஆஃபர் லெட்டர் வாங்கியவர். சேர்ந்த கையோடு ட்ரெயினிங்குக்கு வெளிநாடு அனுப்புவதாகச் சொன்னதால் அதே மாதம் பாஸ்போர்ட்டுக்கும் போட்டிருந்தார். அந்த விண்ணப்பத்தில் 'உங்கள் மேல் கிரிமினல் நடவடிக்கை ஏதாவது நிலுவையில் உள்ளதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் கொடுத்திருக்கிறார். கம்பெனி படிவத்திலும் அதே 'இல்லை'. பொய் சொல்லவில்லை, கேஸ் முடிந்துவிட்டது என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஆனால் அறிக்கை எழுதுகிறவருக்கு அந்த நம்பிக்கையைப் போட ஒரு கட்டமும் கிடையாது.

நடந்தது என்ன? 2016 மே மாதம், மேலூர் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா, ராத்திரி ஆடல் பாடல் நிகழ்ச்சி. மேடைக்கு முன்னால் யார் ஆடுவது என்பதில் இரண்டு தெருப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளு. ஒருத்தருக்கு உதடு கிழிந்தது, இன்னொருத்தருக்கு முதுகில் அடி. அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளியாகப் பார்த்துக்கொண்டு இரண்டு தரப்பும் ஸ்டேஷனுக்குப் போக, ஒரு கேஸ், அதற்கு எதிர்த் தரப்பு கொடுத்த ஒரு கவுண்ட்டர் கேஸ். பெரிய கேஸில் பதினோரு பேர். ஏ-7-க்கு அப்போது வயது 19. எப்.ஐ.ஆரில் 'சுமார் 22' என்று இருக்கிறது, பெயரோ வீட்டில் கூப்பிடுகிற பெயருக்குப் பின்னால் 'என்கிற' போட்டு எழுதப்பட்டிருக்கிறது, முகவரி 'வடக்குத் தெரு' என்பதோடு சரி, கதவு எண் இல்லை. அன்று ராத்திரி ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ரெண்டு வாரம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் உட்கார்ந்து பேசி, வைத்தியச் செலவுக்குப் பணம் கொடுக்க வைத்து, பத்திரத்தில் எழுதி ரெண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரம் இன்னும் ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை.

எங்கள் பக்கத்துக் கேஸ்களில் பாதி இப்படித்தான் நிற்கிறது. ஊர் முடித்துவைத்ததைக் கோர்ட்டுக்கு யார் சொல்வது? யாரும் சொல்லாததால் போலீஸ் தன் வேலையைச் செய்தது. 2018 பிப்ரவரியில் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கல் ஆனது, மாஜிஸ்திரேட் கோப்புக்கு எடுத்து, அதாவது வழக்காக ஏற்று, சி.சி. நம்பர் கொடுத்தார், பதினோரு பேருக்கும் சம்மன் போட உத்தரவானது. ஏ-7-இன் குடும்பம் 2017-லேயே ஊரைக் காலி செய்துவிட்டு ஆனையூர் வந்துவிட்டது. சம்மன் 'முகவரியில் ஆள் இல்லை' என்று திரும்பிவந்தது. அடுத்த வாய்தா, அதற்கு அடுத்த வாய்தா, நடுவில் கொரோனா, திரும்பவும் வாய்தா. நாலைந்து பேர் ஆஜராகிப் பின்னர் வராமல் நின்றுவிட்டார்கள், அதில் ஏ-3-க்குப் பிடிவாரண்ட் வேறு. மற்றவர்களுக்கு சம்மன் சார்பாகவில்லை (கையில் போய்ச் சேரவில்லை) என்ற ஒரே காரணத்தால் கேஸ் அஞ்சு வருஷத்துக்கு மேல் அதே கட்டத்தில் கிடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பின்னணிச் சரிபார்ப்பு, நீங்கள் அடித்தீர்களா இல்லையா என்பதைப் பார்ப்பதே இல்லை. கேஸ் கட்டு எந்த மேஜையில் நின்றது என்பதைத்தான் பார்க்கிறது. ஸ்டேஷனிலேயே நின்றதா, கோர்ட் கோப்புக்குப் போய் நின்றதா, விசாரணையில் நிற்கிறதா, தீர்ப்பாகிவிட்டதா? ஒரே சண்டை, ஒரே எப்.ஐ.ஆர்., ஆனால் நிற்கிற இடத்தைப் பொறுத்தும், பார்க்கிற ஆளைப் பொறுத்தும் பதில் மாறும். அதனால் 'சார், என் மேல ஒரு கேஸ் இருக்கு, ரிப்போர்ட்ல வருமா' என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, 'கேஸ் எங்கே இருக்கு' என்பதுதான்.

தனியார் கம்பெனிக்காகச் சரிபார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. நீங்கள் கொடுத்த பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கடந்த சில வருட முகவரிகள் ஆகியவற்றை வைத்துக் கோர்ட் பதிவுகளில் தேடுகிறார்கள். வழக்கு நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் என்ற கோர்ட் இணையதளத்தில், வழக்கில் உள்ளவர் பெயரில் குறைந்தது மூன்று எழுத்தும், வழக்குப் பதிவான வருடமும் போட்டால் போதும். பாஸ்வேர்டு கிடையாது, காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எப்.ஐ.ஆர். தனி வழி. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் மாதிரியான சென்சிட்டிவ் வழக்குகள் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்றச் சொன்னது, அது 2016 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நம்ம கேஸ் மே மாதத்தியது, அதனால் எப்.ஐ.ஆர். இணையத்தில் இல்லை. சி.சி. நம்பர் விழுந்ததால்தான் மாட்டியது. 2018-க்கு முன்னால் இதே ஆள் வேலை மாறியிருந்தால் தனியார் ரிப்போர்ட் பச்சையாகவே வந்திருக்கும்.

பெயர்ப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டத்தில் பாண்டி, கார்த்திக், முத்துக்குமார் என்று தேடிப் பாருங்கள், பக்கம் பக்கமாக வரும். இனிஷியல் முன்னால் ஒருவருக்கு, பின்னால் ஒருவருக்கு, ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டு. இதனால் சம்பந்தமே இல்லாதவன் தலையில் கேஸ் விழுவதும் உண்டு, கேஸ் இருப்பவன் தப்பிப்பதும் உண்டு. முதல் வகை ஆளாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த வழக்கின் குற்றப்பத்திரிகைக்கு நகல் மனு போட்டு, எதிரியின் வயது, அப்பா பெயர், முகவரி உங்களுடையது இல்லை என்று காட்டினால் ரிப்போர்ட்டைத் திருத்திக் கொடுப்பார்கள். ஏ-7-க்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது. வயது தப்பு, பெயர் அரைகுறை, தெரு மட்டும்தான் இருக்கு, 'நான் அவனில்லைன்னு எழுதிக் கொடுத்துரு தம்பி' என்று ஒரு சொந்தக்காரர். அப்பா பெயர் ஒத்துப்போயிருந்தது, அது போதும். அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் பிற்பாடு கோர்ட்டில் ஆஜராகும்போது அந்தக் கடிதமே அவருக்கு எமனாக வந்திருக்கும்.

பாஸ்போர்ட் பக்கம் கதை வேறு. அங்கே பார்ப்பது போலீஸ், அவர்கள் கையில் ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஸ்டேஷன் பதிவேடும் இருக்கிறது. எப்.ஐ.ஆர். மட்டும் இருந்தாலும் அவர்கள் கண்ணில் படும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)(எஃப்), இந்தியாவில் உள்ள கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும் என்கிறது. கோர்ட்டில், ஸ்டேஷனில் இல்லை. வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபர் 10-ஆம் தேதி ஒரு அலுவலகக் குறிப்பில் இதைத் தெளிவாகவே எழுதியது: வெறும் எப்.ஐ.ஆரும், போலீஸ் விசாரணையில் இருக்கும் கேஸும் இந்தப் பிரிவுக்குள் வராது, கோர்ட் கோப்புக்கு எடுத்த பிறகுதான் நிலுவை என்று கணக்கு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் இதை வைத்து எத்தனையோ ரிட் உத்தரவுகள் இருக்கின்றன. ஆகவே எப்.ஐ.ஆர். நிலையில் இருப்பவர் பயந்து விண்ணப்பிக்காமலே இருக்க வேண்டியதில்லை. போலீஸ் எதிராக ரிப்போர்ட் அனுப்பினாலும் பதில் சொல்ல இடம் இருக்கிறது.

ஏ-7-க்கு அந்தக் கதவு மூடியிருந்தது, ஏனென்றால் 2018-லேயே கோர்ட் கோப்புக்கு எடுத்துவிட்டது. போலீஸ் அறிக்கை அட்வர்ஸ் (பாதகம்) என்று போய், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. கூடவே 'இல்லை' என்று கொடுத்த பதில். தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் அதே சட்டம் பிரிவு 12-இல் ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'தெரிந்தே' என்ற சொல்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. சம்மன் திரும்பிவந்ததற்கான கோர்ட் குறிப்புகளின் சான்றிட்ட நகலை வாங்கி, 'எனக்கு சம்மன் சார்பாகவே இல்லை, வழக்கு நிலுவையில் இருப்பது இந்த அறிக்கைக்குப் பிறகுதான் தெரிந்தது' என்று நேராக எழுதினோம். அழகுபடுத்தி எழுதவில்லை, காலக்கோடு மட்டும்.

இதே எப்.ஐ.ஆரில் இருந்த ஏ-2-க்கு நேரமே இல்லை, சிங்கப்பூரில் வேலை ரெடி. அவர் வேறு வழியில் போனார். 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை ஒன்று இருக்கிறது, ஜி.எஸ்.ஆர். 570(இ) என்று வக்கீல்கள் சொல்வது. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கினால், வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்கு, குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்கு. இதனால் மனுவின் கோரிக்கைப் பத்தியில் எத்தனை வருடம் என்று எழுதிக் கேட்க வேண்டும். நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிட்டு ஒரு வருஷ பாஸ்போர்ட்டோடு நிற்கிறார்கள். ஏ-2 கேட்டு வாங்கினார், போய்விட்டார்.

கம்பெனி விஷயத்துக்கு வருவோம். ஹெச்.ஆருக்கு ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி, குற்றப்பத்திரிகை நகலையும் வைத்து அனுப்பினோம். திருட்டு இல்லை, மோசடி இல்லை, அதிகபட்ச தண்டனையே ரெண்டு வருஷம், காயம் சாதாரணக் காயம். அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள், ஆனாலும் ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் கேஸ் இல்லை, படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது. இதில் எனக்குக் கம்பெனி மேல் கோபம் கிடையாது. அரசு வேலைகளுக்கே உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வாக இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது: சின்ன வயதில் கோஷம் போட்ட மாதிரியான அற்ப விஷயத்தை மறைத்தால் மன்னிக்கலாம், உண்மையைச் சொல்லி அற்பமான வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை கொடுப்பதைப் பரிசீலிக்கலாம், ஆனால் பல வழக்குகள் நிலுவையில் இருப்பதைத் தெரிந்தே மறைத்தால் அந்த மறைப்பே தனியாகக் கணக்கில் வரும். தனியாருக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் ஹெச்.ஆர்.காரர்கள் யோசிப்பதும் கிட்டத்தட்ட இதே தடத்தில்தான்.

அமெரிக்காவில் சரிபார்ப்பு நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் உண்டு, தண்டனை ஆகாத கைது விவரம் ஏழு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் பொதுவாக அறிக்கையில் போடக் கூடாது, அதிக சம்பள வேலைகளுக்கு மட்டும் விலக்கு. நம் ஊரில் அந்த மாதிரி வருஷக் கணக்கு எதுவும் கிடையாது. 2016 கேஸ் 2036-லும் வரும், நீங்களாக நகர்த்தினால் தவிர.

சரி, எப்படி நகர்த்துவது? முதல் வேலை, ஆஜராவது. வக்காலத்துப் போட்டு ஏ-7 தானாகவே கோர்ட்டில் நின்றார், குற்றப்பத்திரிகை நகல்கள் கொடுத்தார்கள், அன்றைக்கே இ-கோர்ட்ஸில் கட்டம் மாறியது. ஏ-3-க்குப் பிடிவாரண்டை ரீகால் செய்ய, அதாவது கோர்ட் திரும்பப் பெற, மனுப் போட்டோம். வாரண்ட் இருக்கிறவர் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வெரிஃபிகேஷனுக்குப் போன இடத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

அடுத்தது ராஜி. பிரிவு 323-ஐயும் 506(1)-ஐயும் அடிபட்டவர் சம்மதித்தால் கீழ்க் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். 147-ம் 294(பி)-யும் அப்படி ராஜியாக முடிக்கச் சட்டம் அனுமதிக்கும் பட்டியலில் இல்லை. அதனால் மாஜிஸ்திரேட் மனசு வைத்தாலும் முழு வழக்கையும் ராஜியில் முடிக்க முடியாது, மதுரைக் கிளைக்குத்தான் போயாக வேண்டும். ராஜிக்கு இடமில்லாத பிரிவாக இருந்தாலும், குற்றம் தனிப்பட்ட தகராறு வகையாக இருந்து இரண்டு பக்கமும் சமாதானம் ஆகிவிட்டால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரி வழக்குக்கு இது ஓடாது, ஆடல் பாடல் தள்ளுமுள்ளுக்கு நன்றாகவே ஓடும்.

புகார்தாரர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போன் போட்டதும் அவர் முதலில் சொன்னது, 'அது அன்னைக்கே முடிஞ்சு போச்சே சார், ஏ-2 கல்யாணத்துக்கு நான் மொய் எழுதியிருக்கேன்.' மொய் நோட்டு சாட்சியாகாது, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆதார் வேண்டும், விசாரணை அன்று கோர்ட்டில் நிற்க வேண்டும், ஸ்டேஷன் எஸ்.ஐ. வந்து 'இவர்தான் அவர்' என்று அடையாளம் சொல்ல வேண்டும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கவுண்ட்டர் கேஸையும் சேர்த்தே ரத்து கேட்டோம். ஒன்றை விட்டு ஒன்றை முடித்தால் அந்தத் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

சிக்கல் வந்தது ஏ-4-இடமிருந்து. அவர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதி, எழுத்து, உடற்தகுதி எல்லாம் தேறி, கேஸை மறைக்காமல் படிவத்தில் எழுதியும் வெரிஃபிகேஷனில் நின்றுபோனவர். போலீஸ் வேலைக்கு விதி வேறு. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகள், 14(பி). வெரிஃபிகேஷனுக்கு முன்னால் கிரிமினல் கேஸில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. ஐயத்தின் பலனில் விடுதலையானாலும் சம்பந்தப்பட்டவர் கணக்குத்தான். வெரிஃபிகேஷன் சமயத்தில் நிலுவையில் இருந்த கேஸ் பிற்பாடு 'மரியாதையான விடுதலை'யில் முடிந்தாலோ, 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (தகவல் பிழை) என்று போலீஸே மூடினாலோ மட்டும் சம்பந்தப்படாதவர் ஆகலாம், அதுவும் அடுத்த தேர்வில் மறுபடி எழுதித்தான் உரிமை கேட்க முடியும். 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

இப்போது ஏ-4-இன் இக்கட்டைப் பாருங்கள். மற்றவர்களோடு சேர்ந்து ராஜியில் ரத்து வாங்கினால் கேஸ் போய்விடும், ஆனால் அது மரியாதையான விடுதலையா? தேர்வு வாரியம் ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு இன்னொரு ரிட் போட வேண்டும். விசாரணையைச் சந்திக்கலாம் என்றால், ஊரே சமாதானமான கேஸில் சாட்சிகள் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பிறழ் சாட்சி ஆகிவிடுவார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவரின் வழக்கிலேயே 2012-இல் உச்ச நீதிமன்றம், சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலையை மரியாதையான விடுதலையாக எடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. கடைசியில் அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் ரத்து மனுப் போட்டோம். ஏ-4-இன் விசாரணை தனியாக நடக்கிறது. புகார்தாரரை முழுதாகச் சாட்சி சொல்ல வைத்து, சம்பவ இடத்தில் ஏ-4 இல்லவே இல்லை என்பதை (அவர் அன்று ராத்திரி முளைப்பாரி வைத்த இடத்தில் காவல் இருந்தார், அதற்குச் சாட்சி உண்டு) குறுக்கு விசாரணையில் கொண்டுவந்து, தீர்ப்பில் அது பதிவாக வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஏ-10-க்கு மட்டும் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சம்பவத் தேதியில் அவனுக்குப் பதினேழு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24, இந்த மாதிரிச் சின்னக் குற்றத்தால் சிறுவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. ஸ்கூல் சர்டிஃபிகேட்டைக் காட்டி அவனைப் பெரியவர்கள் வழக்கிலிருந்து பிரித்தெடுத்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பி, அங்கேயே முடிந்தது.

ரத்து மனு 2024 மார்ச்சில் தாக்கல், ஜூனில் உத்தரவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவில் போட்டோம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு போடுபவர்களுக்கு அதே அதிகாரம் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-இல் இருக்கிறது.

நடுவில் ஒரு ப்ரோக்கர் வந்ததைச் சொல்லாவிட்டால் கதை முழுதாகாது. கோர்ட் வாசல் டீக்கடையில் ஏ-7-இன் அப்பாவைப் பிடித்து, 'சிஸ்டத்துல இருந்தே பேரை எடுத்துரலாம் அண்ணே, எனக்கு உள்ள ஆள் இருக்கு' என்று கணிசமான தொகை கேட்டிருக்கிறார். ஸ்டேஷன் பதிவு ஒரு பக்கம், கோர்ட் பதிவு இன்னொரு பக்கம், ரெண்டும் வேறு வேறு கம்ப்யூட்டர், ஏற்கெனவே வெளியே போன ரிப்போர்ட் மூன்றாவது. எதிலிருந்து எதை எடுப்பார்? காசுதான் போகும்.

எப்.ஐ.ஆரோடு நிற்கும் கேஸ்காரர்களுக்கு ஒரு வழி தனியாக இருக்கிறது. மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கோர்ட் கோப்புக்கு எடுக்கக் காலக்கெடு உண்டு: அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் வரை சிறை என்றால் ஒரு வருடம், மூன்று வருடம் வரை என்றால் மூன்று வருடம். பழைய சட்டத்தில் பிரிவு 468, இப்போது பி.என்.எஸ்.எஸ். 514. அது தாண்டியும் இறுதி அறிக்கை வராவிட்டால் ரத்து கேட்க நல்ல காரணம் கையில் இருக்கிறது. நம்ம கேஸில் 2018 பிப்ரவரி என்பது மூன்று வருடத்துக்குள் வந்துவிட்டதால் இது உதவவில்லை. 144 உத்தரவை மீறியதாக வெறும் இந்திய தண்டனைச் சட்டம் 188 (அதிகாரியின் உத்தரவை மீறுவது) கேஸ் என்றால் இன்னும் சுலபம். 2018 செப்டம்பரில் மதுரைக் கிளையில் ஜீவானந்தம் வழக்கில், 188-க்குப் போலீஸ் எப்.ஐ.ஆர். போடவே முடியாது, உரிய அதிகாரி எழுத்தில் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கொரோனா ஊரடங்கில் பைக்கோடு பிடிபட்ட கேஸ்களை வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அறிவித்தார்கள் என்பதற்காக உங்கள் கேஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நம்பர் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் வந்த அன்று ஏ-7 வீட்டில் ஸ்வீட் வாங்கிவிட்டார்கள். நான் அவரைச் சான்றிட்ட நகலோடு முதலில் ஜே.எம். கோர்ட்டுக்கும், அப்புறம் ஸ்டேஷன் ரைட்டரிடமும் அனுப்பினேன். உயர் நீதிமன்ற உத்தரவு தானாக நடந்து போய்க் கீழே பதிவாகாது. கோர்ட்டில் சி.சி. முடித்துவைக்கப்பட்டதாகப் பதிய வேண்டும், ஸ்டேஷனில் சி.சி.டி.என்.எஸ்.ஸில் நிலை மாற வேண்டும். கொடுத்ததற்கு ரசீது முத்திரை வாங்குங்கள். பின்னர் தமிழ்நாடு போலீஸ் இணையச் சேவையில் தன்னைப் பற்றித் தானே வெரிஃபிகேஷன் கேட்கும் வசதி இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை பழைய நிலையே வந்தது. நகலைக் காட்டி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, அப்புறம் சரியானது. பாஸ்போர்ட் நோட்டீஸுக்கும் உத்தரவு நகலை வைத்துப் பதில் போட்டோம், கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு விஷயம், ரத்தானாலும் பெயர் அழியாது. இ-கோர்ட்ஸில் இப்போது 'முடிந்தது' என்று வருகிறதே தவிர, பதினோரு பெயரும் அங்கேயே இருக்கின்றன. கிரிமினல் கேஸில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி மதுரைக் கிளைக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது, அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. அந்த வழக்கு அவர் பெயரிலேயே எல்லா இடத்திலும் குறிப்பிடப்படுகிறது, நான் எழுதவில்லை; அவர் கேட்டதே அதைத்தானே.

ஏ-7 இப்போது கோயம்புத்தூரில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அங்கே படிவத்தில் கேள்வி வந்தபோது 'ஆம்' என்று கொடுத்து, கீழே இருந்த இடத்தில் நாங்கள் சேர்ந்து எழுதியது இது: 'எனக்கு 19 வயதில், 2016-இல் ஊர்த் திருவிழாவில் நடந்த தகராறு தொடர்பாகப் பதினோரு பேர் மீது பதிவான வழக்கில் நான் ஏழாவது எதிரி. சாதாரணக் காயம். இரு தரப்பும் சமாதானமானதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 ஜூனில் என்னைப் பொறுத்தவரை வழக்கை ரத்து செய்தது. உத்தரவு நகல் இணைப்பு. வேறு வழக்கு எதுவும் இல்லை.' ரிப்போர்ட் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில், ஆம்பராக வந்தது. ஹெச்.ஆர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், இணைப்பில் கடைசிப் பக்கம் சரியாக ஸ்கேன் ஆகவில்லை, மறுபடி அனுப்ப முடியுமா என்று.